பேரனுக்குப் பரங்கிக்காய் மஃபின்... சர்க்கரையும் வேண்டாம், ஓவனும் வேண்டாம்!

செம்பரம்பாக்கத்திலிருந்து ஓர் ஆயா கேட்டிருந்த கேள்வி இது: 'கொல்லையில் பரங்கிக்கொடி படர்ந்து கிடக்கிறது. தெருவில் எல்லோருக்கும் கொடுத்தும் காய் மிச்சம். மூன்று வயதுப் பேரனோ கூட்டு, பொரியல் எதையும் தொடுவதில்லை. நெடுஞ்சாலை பேக்கரியில் விற்கும் கப் கேக்தான் வேண்டுமாம். சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போட்டு நாமே அதைச் செய்து கொடுத்தால் நல்லதா? எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது.'

சின்னக் கேள்விதான். ஆனால், இன்று ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு இருக்கும் கேள்வி. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினால் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஒரு காலத்தில் அந்தத் தண்ணீர் மதகு வழியே ஆயக்கட்டுக்குப் போய் நெல்லாக விளைந்தது. இன்று சென்னையின் குடிநீர்க் குழாய்க்குப் போகிறது. வயல்களில் பல மனைகளாகவும், தொழிற்சாலைகளாகவும் மாறிவிட்டன. மிஞ்சியிருப்பது வீட்டுக் கொல்லை, கிணற்றடி, கொஞ்சம் கீரைப்பாத்தி. மறுபக்கம், பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை சாலையோரமெங்கும் பேக்கரிகள். அங்கன்வாடி விட்டு வரும் குழந்தையின் கண் எங்கே போகும்? 'அழுவுது பாரு, இந்த ஒரு தடவ வாங்கிக் குடும்மா' என்று ஆயாவே சொல்வதுதான் நடக்கிறது. அந்த ஒரு தடவை, தினமும் ஒரு தடவையாகிவிடுகிறது.

கருப்பட்டி போட்டால் சரியாகிவிடுமா?

ஆயாவின் கேள்வியில் இந்தப் பகுதிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் இயற்கையானவை, எனவே குழந்தைக்கு எவ்வளவு கொடுத்தாலும் கெடுதல் இல்லை என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. இது சரியல்ல. கரும்புச் சாற்றைக் காய்ச்சினால் வெல்லம். பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி. இரண்டிலும் பெரும்பங்கு சர்க்கரைதான். பல்லில் ஒட்டிக்கொண்டு சொத்தை உண்டாக்கும் கிருமிக்கு, வந்தது வெள்ளைச் சர்க்கரையா, பனங்கருப்பட்டியா என்ற பேதம் தெரியாது.

'வெல்லத்தில் இரும்புச்சத்து இருக்கிறதே' என்பார்கள். இருக்கிறது. 100 கிராம் வெல்லத்தில் 4 முதல் 5 மில்லி கிராம் இருக்கும். ஒரு குழந்தைக்கு நாம் கொடுக்கிற 10 கிராமில் அரை மில்லி கிராம்கூடத் தேறாது. ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்குத் தேவை 8 மில்லி கிராம். அதை வெல்லத்திலேயே ஈடுகட்ட நினைத்தால் குழந்தை 150 கிராமுக்கு மேல் வெல்லம் தின்ன வேண்டியிருக்கும்!

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு நாளில் உணவிலிருந்து கிடைக்கும் மொத்தக் கலோரியில் 10 சதவிகிதத்துக்கும் குறைவாகத்தான் சேர்க்கப்பட்ட சர்க்கரையிலிருந்து வர வேண்டும். 5 சதவிகிதத்துக்குள் நின்றால் இன்னும் நல்லது. ஆயிரம் கலோரி சாப்பிடும் சின்னக் குழந்தைக்கு இந்த 5 சதவிகிதம் என்பது 12 கிராம், அதாவது தலைதட்டி மூன்று டீஸ்பூன். இந்தக் கணக்கில் தேனும் வெல்லமும் பழச்சாறும் சேரும். முழுப் பழமும் காய்கறியும் சேராது. ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு, சர்க்கரை மிகுந்த உணவே கூடாது என்கிறது அதே நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல். தேனை ஒரு வயது வரை நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு வகை நுண்ணுயிர், கைக்குழந்தையின் குடலில் பெருகி உயிருக்கே ஆபத்தான நச்சை உண்டாக்கும்.

பேக்கரி கேக்கின் பழைய பாடமே மாவு, சர்க்கரை, வெண்ணெய், முட்டை நாலும் சம எடை என்பதுதான். அதில் சர்க்கரையை எடுத்துவிட்டுக் கருப்பட்டியை வைத்தால் நிறமும் மணமும் மாறும். அளவு மாறாது. இனிப்பை வேறு இடத்திலிருந்து எடுக்க வேண்டும். அந்த இடம் ஆயாவின் கொல்லையிலேயே இருக்கிறது.

காய் முற்றினால் இனிக்கும்

தென் மாவட்டங்களில் மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி என்று சொல்லும் பரங்கிக்காய், பறித்த அன்று அதிகம் இனிக்காது. கொடியில் நன்றாக முற்ற விட வேண்டும். காம்பு காய்ந்து கட்டை போல ஆகி, நகத்தால் அழுத்தினால் தோலில் பள்ளம் விழாமல் இருப்பதே முற்றியதற்கு அடையாளம். இரண்டு விரற்கடை காம்போடு வெட்டி, பத்து நாள் நிழலில் ஆறவிட்டு, வைக்கோல் மேல் ஒன்றோடொன்று உரசாமல் வைத்தால் காயில் உள்ள மாவுச்சத்து மெல்ல மெல்லச் சர்க்கரையாக மாறும். ஒரு மாதம் பரணில் கிடந்த காய்க்கும், நேற்றுப் பறித்த காய்க்கும் உள்ள வித்தியாசத்தை நாக்கே சொல்லும். பிஞ்சாகப் பறித்து, வெளிறிய சதையை வேகவைத்து, 'இது இனிக்கவே இல்லையே' என்று வெல்லத்தைத் தேடுவதில்தான் தப்பு தொடங்குகிறது.

சர்க்கரைவள்ளிக்கிழங்கில் இந்த விந்தை இன்னும் கூடுதல். அந்தக் கிழங்குக்குள்ளேயே மாவுச்சத்தை உடைத்து மால்டோஸ் என்ற சர்க்கரையாக்கும் நொதி இருக்கிறது. கிழங்கின் உட்புறச் சூடு சுமார் 60 முதல் 75 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் அது சுறுசுறுப்பாக வேலை செய்யும். கொதிக்கும் தண்ணீரில் துண்டு துண்டாகப் போட்டால், சூடு சரசரவென்று ஏறி நொதி செத்துப்போகும். முழுக்கிழங்கைத் தணலில் புதைத்து மெதுவாகச் சுட்டால் நொதிக்கு நேரம் கிடைக்கும். அடுப்புச் சாம்பலில் சுட்ட கிழங்கின் தோலில் தேன் போல ஒரு பிசுக்கு கசிந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, வேறு விளக்கம் தேவையில்லை. விறகடுப்பு இல்லாதவர்கள், கனமான தோசைக்கல்லில் கிழங்கை முழுசாக வைத்து மூடி, சிறு தீயில் அடிக்கடி திருப்பி முக்கால் மணி நேரம் சுடலாம்.

வாழைப்பழமும் அப்படித்தான். தோலில் கரும்புள்ளி விழுந்த பூவன் பழத்தில் மாவுச்சத்து ஏறக்குறைய முழுதும் சர்க்கரையாகியிருக்கும். கடைக்காரர் விலை குறைத்துத் தள்ளிவிடும் அந்தப் பழம்தான் மஃபினுக்கு ஏற்றது.

ஓவன் வேண்டாம், குழிப்பணியாரக் கல் போதும்

மஃபின் என்றதும் பெரிதாக எதையோ நினைக்க வேண்டாம். கிண்ணத்தில் ஊற்றிச் சுடும் சின்ன அப்பம். கேக் போல வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து அடிக்கிற வேலை இதில் இல்லை. ஈரப்பொருள் ஒரு பக்கம், மாவு ஒரு பக்கம் வைத்து, கடைசியில் கலந்து சுட வேண்டியதுதான். நம்முடைய பணியாரத்துக்கு நெருங்கிய உறவு. டென்மார்க் நாட்டில் ஏப்லெஸ்கிவர் என்ற உருண்டை அப்பத்தைச் சுடும் சட்டியைப் பார்த்தால், நம் ஊர்ப் பணியாரக் கல் அங்கே எப்படிப் போனது என்று கேட்கத் தோன்றும்.

அளவுக்கு 200 மில்லி டம்ளர் ஒன்றை வைத்துக்கொண்டால் போதும். கோதுமை மாவு ஒரு டம்ளர், கேழ்வரகு மாவு அரை டம்ளர், ஆப்ப சோடா அரை டீஸ்பூன், ஏலக்காய்த்தூள், உப்பு ஒரு சிட்டிகை. இவற்றைச் சலித்துத் தனியாக வைக்க வேண்டும். கேழ்வரகு மாவை மட்டுமே போட்டால் மஃபின் உதிர்ந்து போகும். பிடித்து நிற்க வைக்கும் பசை கோதுமையில்தான் இருக்கிறது. ஆனால் 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லி கிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து இருப்பதால், அதை விட்டுவிடவும் மனம் வராது.

பரங்கிக்காயைத் தண்ணீரில் வேகவைக்கக் கூடாது. வேகவைத்தால் இனிப்பு தண்ணீரோடு போய்விடும், விழுதும் நீர்த்துவிடும். கீற்றாக வெட்டி, தோசைக்கல்லில் மூடிபோட்டு, ஓரம் லேசாகச் சிவக்கும் வரை சுட்டு, சதையை வழித்து மசிக்க வேண்டும். அந்த விழுது அரை டம்ளர். அதோடு கனிந்த சிறு பூவன் பழம் இரண்டு, புளித்த தயிர் கால் டம்ளர், முட்டை ஒன்று, கடலை எண்ணெய் மூன்று மேஜைக்கரண்டி. எல்லாவற்றையும் நன்றாகக் கடைந்துகொள்ளலாம். எண்ணெயைக் கண்டு பயப்பட வேண்டாம். பரங்கிக்காய்க்கு மஞ்சள் நிறம் தரும் கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் ஒட்டும். அதிலிருந்துதான் கண்ணுக்குத் தேவையான வைட்டமின் ஏ உருவாகிறது. முட்டை சாப்பிடாத வீட்டில், தயிரை இன்னும் இரண்டு மேஜைக்கரண்டி கூட்டிக்கொள்ளலாம். கொஞ்சம் இறுக்கமாக வரும், அவ்வளவுதான்.

இனி மாவை ஈரக்கலவையில் கொட்டி, கரண்டியால் பத்துப் பன்னிரண்டு சுற்று. அதற்கு மேல் கிளறினால் கோதுமைப் பசை இழுத்துக்கொண்டு, மஃபின் ரப்பராகிவிடும். அங்கங்கே மாவுக் கட்டி தெரிந்தாலும் விட்டுவிட வேண்டும். கடைசியாகத் துருவிய கேரட் கால் டம்ளர். மாவு இட்லி மாவை விடக் கெட்டியாக, கரண்டியிலிருந்து கொத்தாக விழுகிற பதத்தில் இருக்க வேண்டும். கலக்கியதும் உடனே சுட வேண்டும். தயிரின் புளிப்பும் ஆப்ப சோடாவும் சேர்ந்த நொடியிலேயே காற்றுக்குமிழி கிளம்பத் தொடங்கிவிடும். அரை மணி நேரம் கழித்துச் சுட்டால் குமிழி போய், களிபோல் அடியில் உட்காரும். இனிப்பு, ஈரம், பக்குவம் எல்லாம் சரியாக இருந்தும் பலருக்கு மஃபின் கெட்டுப்போவது இந்த ஒரு தாமதத்தால்தான்.

பணியாரக் கல்லில் எண்ணெய் தடவி முக்கால் குழிக்கு ஊற்றி, மூடி, சிறு தீயில் மூன்று நிமிடம். திருப்பிப் போட்டு இரண்டு நிமிடம். இந்த அளவுக்கு இருபது பணியாரத்துக்குக் குறையாமல் வரும். மஃபின் வடிவமே வேண்டும் என்று பேரன் அடம்பிடித்தால், பழைய கனமான அலுமினியச் சட்டியில் ஒரு விரற்கடை கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் பிரிமனை போல ஒரு வளையம் வைத்து, மூடி, பத்து நிமிடம் சூடேற்ற வேண்டும். எண்ணெய் தடவிய சின்ன எவர்சில்வர் கிண்ணங்களில் முக்கால் பாகம் மாவு ஊற்றி உள்ளே வைத்து மூடினால், சிறு தீயில் 25 முதல் 30 நிமிடத்தில் வெந்துவிடும். ஈர்க்குச்சியைக் குத்தினால் மாவு ஒட்டாமல் வர வேண்டும். பத்துக் கிண்ணம் தேறும். பத்து மஃபினுக்கு இரண்டு வாழைப்பழம். அப்படியானால் குழந்தை சாப்பிடும் ஒன்றில் இருப்பது ஒரு பழத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். பிரஷர் குக்கரைத் தண்ணீர் இல்லாமல் இப்படிச் சூடாக்கினால் அடிப்பாகம் கெடும். நல்ல குக்கரை இதற்குப் பலிகொடுக்க வேண்டாம்.

முதல் நாள் பேக்கரி கேக்கோடு ஒப்பிட்டால் இது 'சப்'பென்றுதான் இருக்கும். குழந்தை துப்பினாலும் ஆச்சர்யமில்லை. நாக்கு பழக எட்டு, பத்து தடவை கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே அதிக இனிப்புக்குப் பழகிய பிள்ளைக்கு, முதல் வாரம் மூன்று பழமும், அடுத்த வாரம் இரண்டுமாகக் குறைத்துக்கொண்டு வரலாம்.

ஒளித்துக் கொடுப்பதில் ஒரு சிக்கல்

காய்கறியைத் தெரியாமல் உள்ளே நுழைத்துக் கொடுத்துவிட்டோம் என்று பெற்றவர்கள் மகிழ்வார்கள். அப்படிக் கொடுத்தால் குழந்தை தின்றது மஃபினை. பரங்கிக்காயை அது அறியவே இல்லை. தட்டில் வைத்த கூட்டை அப்போதும் தள்ளத்தான் செய்யும். கொடியில் காய் தொங்குவதைக் காட்டி, விதையை எடுக்கச் சொல்லி, மசிக்க விட்டு, 'நீ பறிச்ச காய்டா இது' என்று கொடுத்தால் நிலைமை வேறு. கை, முகம், தரை எல்லாம் மஞ்சளாகும். ஆயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகளில் 57.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் இது 50.7 ஆக இருந்தது. பரங்கிக்காய் இதற்கு மருந்தல்ல. அதில் கரோட்டின் உண்டு, இரும்புச்சத்து சொற்பம். முட்டை, கீரை, பயறு, அங்கன்வாடியில் தரும் சத்துமாவு, சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மருந்து எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். மஃபின் சாப்பிட்டாயிற்று என்று இரவுச் சோற்றைக் குறைத்துவிடக் கூடாது. இது பாக்கெட் தீனி இருந்த இடத்துக்கு வருகிற பண்டம். அதற்கு மேல் இதற்குப் பட்டம் கட்டத் தேவையில்லை.

மொசாம்பிக் நாட்டின் பொன்னிற ரொட்டி

கிழங்கையும் காயையும் அடுமனைக்குள் கொண்டுபோன நல்ல முன்மாதிரி ஆப்பிரிக்காவில் இருக்கிறது. வைட்டமின் ஏ குறைபாட்டால் குழந்தைகள் தவித்த மொசாம்பிக்கில், ஆரஞ்சு நிறச் சதையுள்ள சர்க்கரைவள்ளி ரகங்களை விவசாயிகளிடம் பரப்பினார்கள். கிழங்கு மட்டும் விளைந்தால் போதாது, விற்கவும் வேண்டுமே? கிராமத்து ரொட்டிக்காரர்கள் கோதுமை மாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைத்து, அந்த இடத்தில் அவித்து மசித்த கிழங்கைச் சேர்த்தார்கள். 'பொன்னிற ரொட்டி' என்று பெயர் வந்தது. வெளியிலிருந்து வாங்கும் கோதுமைச் செலவும் குறைந்தது. இந்தக் கிழங்குக்காக உழைத்த மரியா ஆண்ட்ராடே, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ ஆகியோருக்கும், சத்து கூட்டப்பட்ட பயிர்களுக்காகப் பாடுபட்ட ஹோவர்த் பூயிக்கும் 2016-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

நம் பக்கத்தில் திருவனந்தபுரம் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டுள்ள 'பூ சோனா' அந்த வகை. 100 கிராமில் 14 மில்லி கிராம் பீட்டா கரோட்டின் உள்ள ஆரஞ்சுக் கிழங்கு. சாதாரண வெள்ளைச் சதைக் கிழங்கில் இது மிக மிகக் குறைவு. மேலே சொன்ன அளவில் பரங்கி விழுதுக்குப் பதில் இந்தக் கிழங்கைச் சுட்டு மசித்துப் போட்டால், வாழைப்பழத்தை ஒன்றாகக் குறைத்துவிடலாம்.

விற்கலாமா?

'மகளிர் குழுவில் செய்து விற்கலாமே' என்ற யோசனை உடனே வரும். 2020 மே மாதம் கோயம்பேடு மூடப்பட்டு, செம்பரம்பாக்கத்துக்குப் பக்கத்தில் திருமழிசையில் தற்காலிகச் சந்தை போட்டபோது, காய்கறி வண்டிகள் வீட்டு வாசலுக்கு அருகிலேயே வந்து நின்றன. விற்காத காய் எவ்வளவு சீக்கிரம் குப்பையாகிறது என்பதை இந்தப் பகுதி மக்கள் அப்போது கண்ணால் பார்த்தார்கள். வடு விழுந்த, கோணலான காயை மதிப்புக்கூட்டினால் காசுதான்.

ஆனால், இந்த மஃபினில் ஈரம் அதிகம், சர்க்கரை இல்லை, பதப்படுத்தும் பொருளும் இல்லை. சென்னை வெயிலில் காலையில் சுட்டது இரவுக்குள் தீர்ந்தாக வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு நாள். மறுநாள் பூஞ்சணம் வாசம் அடித்தால், ஓரத்தைக் கிள்ளிவிட்டுக் கொடுக்கக் கூடாது. முழுவதையும் எறிய வேண்டும். எனவே கடையில் அடுக்கி விற்கும் சரக்காக இது ஆகாது. முதல் நாள் ஆர்டர் வாங்கி, மறுநாள் காலை சுட்டுக் கொடுப்பதுதான் கட்டுப்படியாகும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யாமல் விற்கக் கூடாது. முட்டை, கோதுமை சேர்ந்திருப்பதைக் கண்டிப்பாக எழுத வேண்டும். ஒவ்வாமை உள்ள குழந்தைகள் உண்டு. 'சர்க்கரை சேர்க்காதது' என்று அச்சடிக்க ஆசை வரும். வெல்லமோ, தேனோ, பேரீச்சை விழுதோ இனிப்புக்காகப் போட்டிருந்தால் அப்படிப் போடுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. செய்முறைப் பயிற்சி வேண்டுவோர், திருவள்ளூர் மாவட்டத்தில் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகிக் கேட்கலாம்.

வேறு காய் போடலாமா?

பீட்ரூட் துருவிப் போடலாம். மறுநாள் குழந்தையின் சிறுநீரும் மலமும் சிவப்பாக இருந்தால் பதற வேண்டாம், பீட்ரூட்டின் நிறம்தான். சுரைக்காய் போட்டால் துருவி, துணியில் கட்டிப் பிழிந்துவிட வேண்டும். ஆனால், சுரைக்காயை நறுக்கியதும் பெரியவர்கள் பச்சையாக ஒரு துணுக்கு கடித்துப் பார்ப்பது கட்டாயம். கசந்தால் அந்தக் காய் முழுவதும் குப்பைக்கு. அந்தக் கசப்பு நஞ்சு, சமைத்தாலும் போகாது. பரங்கி, வெள்ளரிக்கும் இதே விதி. முருங்கையிலைப் பொடி அரை டீஸ்பூன் சேர்த்தால் நல்லது. கூடினால் பச்சை வாடை தூக்கும். முந்திரி, கடலையை முழுதாகப் போடக் கூடாது, தொண்டையில் அடைக்கும். வறுத்துப் பொடித்துப் போடலாம். ஒன்றரை வயதுக்குள் உள்ள குழந்தைக்கு இதே மாவை இட்லித் தட்டில் ஊற்றி ஆவியில் வேகவைத்தால் மெத்தென்று இருக்கும். ஆறு மாதக் குழந்தைக்கு மஃபினே வேண்டாம், மசித்த பரங்கிக்காய் போதும்.

மீந்த பரங்கி விதையைக் கழுவிக் காயவைத்து வறுத்துப் பொடித்தால், அதையும் மாவில் ஒரு கரண்டி சேர்க்கலாம். விதைக்கென்று எடுத்துவைக்க நினைத்தால், நன்றாகக் காய்த்த கொடியில், நன்றாக இனித்த காயிலிருந்து எடுக்க வேண்டும். கோ 2 போன்ற ரகங்களில் இப்படி எடுத்த விதை பலன் தரும். ஒன்றரை, இரண்டு கிலோ காய் என்பதால் சின்னக் குடும்பத்துக்கும் அதுவே தோது. ஒட்டுவீரிய விதையில் விளைந்த காயின் விதை, தாயைப் போல் இருக்காது. பக்கத்து வீட்டில் வேறு ரகக் கொடி இருந்தால் தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும். அதனால் விடியற்காலையில் விரியும் பெண் பூ ஒன்றை முதல் நாள் மாலையே நூலால் கட்டி, மறுநாள் காலை அதே ரகத்தின் ஆண் பூவைக் கொண்டு தடவி, திரும்பக் கட்டி அடையாளம் வைத்துவிட வேண்டும். அந்த விதையை நிழலில் உலர்த்திச் சாம்பல் கலந்து வைத்தால், ஆடியில் இரண்டு மீட்டருக்கு ஒரு குழி எடுத்து, குழிக்கு நாலு விதை ஊன்றலாம்.